அண்ணன் அளந்து பார்த்த நிழல்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. தெவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கரையில் அவரோடு பாடுபட்டவர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்லதுக்கு அண்ணனிடம் பஞ்சமே இல்லை. ஆனால் தான் ஏமாந்த கதையையும் சேர்த்து எழுது என்று அவரே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

அண்ணன் பிறந்தது பிள்ளைச்சாவடியில், கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில். அவர் எட்டாவது படிக்கும்போது அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அதோடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். அம்மா மீன் கூடையைச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போவார். நான் அப்போது இடுப்பில் நிற்காத பிள்ளை. பிறகு நான் கல்லூரிக்குப் போன நாளில், பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட உறவுக்காரரிடம் அண்ணன் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. “அவ படிக்கட்டும். உன் ஊட்டு சோத்தத் துன்னுட்டா படிக்கிறா?” அந்த உறவுக்காரரும் இந்த மலரை வாங்கியிருப்பார். கோபப்பட வேண்டாம், அண்ணன் அப்படித்தான்.

வலை இழுத்து இழுத்து முதுகு போன பிறகு, கரையில் மீன் ஏலம் விடுகிறவரானார். அந்தக் குரலை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. மூன்றாம் தரம் சொல்லிவிட்டார் என்றால் சொன்னதுதான். பத்தடி தள்ளி நின்று ஒருவர் கூடுதலாகக் கேட்டாலும் மாற்ற மாட்டார். கூடை தூக்க ஆளில்லாத பெண்களுக்குத் தானே தூக்கிவிடுவார். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தாலும் ஊரையே கூட்டுவார். அண்ணி உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் சண்டை அவ்வளவுதான்.

கேடு வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். படகெல்லாம் கரையேறிவிட்டால் ஏலத்துக்கு என்ன வேலை? அண்ணன் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்படித்தான் அந்த வீடியோ வந்து சேர்ந்தது. மனிதன் நிலாவில் இறங்கியதே பொய், ஏதோ கொட்டகைக்குள் விளக்குப் போட்டு எடுத்த படம் என்று ஒருவன் அதில் பேசுகிறான். சூரிய வெளிச்சம் என்றால் நிழல்கள் எல்லாம் ஒரே வாட்டத்தில் விழ வேண்டாமா, இந்தப் படத்தில் ஏன் ஆளுக்கொரு பக்கம் விரிகிறது என்று கேட்கிறான். வேறு யாராவது என்றால் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். அண்ணனோ விளக்குக் கட்டிய படகில் பல வருடம் தொழில் செய்தவர். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

“போட்ல லைட்டக் கட்டுனா நிழலு எப்பிடி விரியும்னு எனக்குத் தெரியாதா பாப்பா? கிட்ட இருக்குற லைட்டுதான் இப்பிடி விரிக்கும். சூரியன் விரிக்கவே விரிக்காது” என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிலாவுக்கு யார் போனால் என்ன, போகாவிட்டால் நமக்கு என்ன என்று விட்டுவிட்டோம். குடும்பக் குரூப்பில் அவர் அதை அனுப்பியதும் ஆளாளுக்குக் கைதட்டும் படம் போட்டோம். கரையில் இருந்தவர்களுக்கும் அனுப்பினார்.

ஆடியில் அண்ணனுக்கு வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் பார்த்து, குடலில் கட்டி இருக்கிறது, கெட்ட கட்டிதான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் அழுதுகொண்டே தெய்வத்துக்கு நன்றி சொன்னோம். அண்ணன் வரமாட்டேன் என்றார். நிலா வீடியோ போட்ட அதே ஆள் இப்போது டாக்டர்களைப் பற்றிப் பேசியிருந்தான். ஆபரேஷன், மாத்திரை எல்லாம் ஏமாற்று, ஒரு பச்சிலைச் சாற்றைக் குடித்தால் கட்டி தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லியிருந்தான். அதையும் அண்ணன் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். அண்ணி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் மகள் காரைக்காலிலிருந்து வந்து அழுதாள். எதுவும் ஏறவில்லை.

“நிலா வெசயத்துல அவன் சொன்னது சரியா இருந்துச்சா இல்லியா? அதுல உண்மையச் சொன்னவன் இதுல மட்டும் பொய் சொல்லுவானா?” என்பார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் சிரித்துவிட்டு விட்ட அந்த நிலாவில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் நிலா விஷயத்தில் சொன்னது பொய் என்று அண்ணனே தன் கண்ணால் பார்த்தால் ஒழிய அவர் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் சாற்றிலேயே போயின. அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை தோளில் தொங்கியது. சாறு வேலை செய்கிறது, கெட்ட நீர் வடிகிறது என்று சொல்லிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து, மழை விட்ட ஒரு காலையில் மூலக்குளத்தில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. கொடிக் கம்பங்களின் நிழல் என் பக்கமாக நீண்டு கிடந்தது. என்ன தோன்றியதோ, போனில் ஒரு படம் எடுத்தேன். படத்தில் நிழல்கள் கைவிரலை விரித்தது போல விரிந்திருந்தன. உடனே அண்ணனுக்கு அனுப்பினேன்.

அவர் போனில் கூப்பிட்டு, “உங்க மாடித் தரை கோணலு. அது மேஸ்திரி செஞ்ச வேல” என்றார்.

“அப்ப உன் கரையில நீயே எடுத்துப் பாருண்ணா. உன் கழி, உன் கயிறு, உன் போனு. சூரியன் நிழலும் போட்டோல விரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு வரணும். விரியலன்னா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீ வாயத் தொறக்காம இருப்பியா? அதுக்காகவே பாக்கலாம். வா” என்றார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். அண்ணன் முதலில் என்னை வீட்டுக்குள் உட்கார வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, தரையில் டம்ளர்களை வரிசையாக வைத்து, கிட்டத்தில் டார்ச்சைப் பிடித்தார். நிழல் விரிந்தது. டம்ளர்களுக்கு இடையே கயிறு பிடித்தார், நிழல் முனைகளுக்கு இடையே பிடித்தார். முனைகளில் கயிறு எட்டவில்லை. “பாத்துக்கினியா? லைட்டுன்னா இதான்” என்றார்.

பிறகு கரைக்குப் போனோம். அண்ணியின் தம்பி மூங்கில் கழிகளைத் தூக்கி வந்தார். அலை வடிந்து இறுகிய மணலில், கடலுக்கு இணையாக மூன்று கழிகளை ஒரே அளவு இடைவெளி விட்டு அண்ணன் நட்டார். கழி சாயாமல் நிற்கிறதா என்று தூக்குக் குண்டு வேறு கட்டிப் பார்த்தார். அவ்வளவு சுத்தம்! சூரியன் கடலுக்கு மேல் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மூன்று நிழலும் எங்களை நோக்கி நீண்டு வந்தன. அண்ணன் சூரியனைப் பார்த்து நின்று தன் போனில் எடுத்தார். முந்தானையால் வெயிலை மறைத்துப் படத்தைக் காட்டினேன். நடு நிழல் நேராக, மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக. வீடியோக்காரன் காட்டிய படம் போலவேதான்.

அண்ணன் கயிற்றை எடுத்துக் கழிக்கும் கழிக்கும் நடுவே அடியில் பிடித்தார். அதே கயிற்றை நிழல் முனைகளுக்கு நடுவே பிடித்தார். அச்சாகப் பொருந்தியது. திரும்ப அளந்தார். கழிகளைப் பிடுங்கித் தள்ளி நட்டு, மறுபடி எடுத்தார், மறுபடி அளந்தார். மணல் மேட்டில் விழுந்த ஒரு நிழல் மட்டும் ஒடிந்து குட்டையாகத் தெரிந்தது. வீடியோக்காரன் அதையும் ஒரு குற்றமாகச் சொல்லியிருந்தான். அண்ணி கரை மேட்டில் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“கயித்துல ஒன்னாதான் இருக்குது. போட்டோலதான் விரியுது. ரயில் தண்டவாளம் தூரத்துல ஒட்டுற மாதிரி. இவ்ளோதான். ஏன் பாப்பா, அந்த வீடியோல பேசுறானே, அவன் இத ஒரு வாட்டி கூட செஞ்சி பாக்கலியா? கழி நட்டா தெரிஞ்சிடுமே. இதக் கூட செஞ்சி பாக்காதவனா எனக்குச் சாறு குடிக்கச் சொன்னான்?”

அவரே எழுந்து, லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, “ஆட்டோவக் கூப்புடு. சொன்னா சொன்னதுதான்” என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி போனோம். டாக்டரம்மா புது ஸ்கேன் படங்களைப் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தார். பிறகு, ஆடியில் குடலோடு நின்றிருந்தது இப்போது ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று எனக்கு இருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எவன் நிலாவுக்குப் போனா இன்னா, போகாட்டி இன்னா பாப்பா. அதுக்குப் போயி நான் உசுரக் குடுத்துட்டனே” என்று அழுதார். அப்பா செத்தபோதுகூட அழாதவர். பாவி, அந்த வீடியோக்காரன் எந்த ஊர்க்காரனோ, எங்கள் வயிற்றெரிச்சல் அவனைச் சும்மா விடாது.

ஆனால் அண்ணன் அழுதுகொண்டே கிடக்கவில்லை. அண்ணியின் தம்பி இவர் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திச் சாறு குடித்துவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. காலில் ஆறாத புண். அண்ணன் தானே அவரைக் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். இன்னொரு நாள், நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலி போட்டு, ஏலம் நடக்கும் இடத்தில் உட்கார்ந்தார். படகுகள் வந்து கூட்டம் சேர்ந்ததும் அந்தப் பழைய குரலை எங்கிருந்தோ கொண்டுவந்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. நான் அனுப்புன நிலா வீடியோ பொய். சாறு வீடியோவும் பொய். நானே அளந்து பாத்துட்டேன். மாத்திரைய நிறுத்துனவங்க இன்னிக்கே போயி டாக்டரப் பாருங்க. என்னப் பாத்துக்கினு போங்க.”

மீன் வாங்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதார்கள்.

படுத்த பிறகு என்னிடம் போனைக் கொடுத்து, அந்தச் சாறு வீடியோ யார் யாருக்குப் போயிருக்கிறதோ அத்தனை பேரிடமிருந்தும் திரும்ப வாங்கிவிடு என்றார். நாளாகிவிட்டால் அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொன்னேன். “ஊர் முழுக்க என் பேர்ல சுத்திக்கினு இருக்கும் இல்ல?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலியைவிட அதுதான் அவரை அரித்தது. மாசி மகம் முடிந்து, சாமிகள் கடலாடித் திரும்பிய சில நாளில், அண்ணி வாயில் தண்ணீர் விட, மகள் மடியில் அவர் மூச்சு அடங்கியது.

கடைசிவரை அவர் வலியை அடக்கிக்கொடுத்த டாக்டரம்மாவுக்கும் நர்சுகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், பாடையைத் தோளில் சுமந்த கரைக்காரர்களுக்கும், அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டது. அண்ணியின் தம்பிக்குப் புண் ஆறிவிட்டது. இன்றைக்குப் பந்தியில் உங்களுக்கு இலை போடுகிறவர் அவர்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணனுடைய எண்ணை உங்கள் போனிலிருந்து எடுக்க மனசு வராது, எனக்கும் வரவில்லை. அவர் குரலில் வந்த வாழ்த்துகளையும், வசவுகளையும்கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாறு வீடியோவை மட்டும், செத்துப்போன மனிதர் அனுப்பியது ஆயிற்றே என்று வைத்திருக்காதீர்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், வீட்டுக்குப் போகிறதுக்கு முன்னால், அதை அழித்துவிடுங்கள். அண்ணன் கேட்டு என்னால் செய்து கொடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.