திங்கட்கிழமை ஊர்கள்

சென்ற வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. விடுமுறைக்குப் போக நல்ல சிறிய ஊர்கள் சொல்லச் சொல்லி, அலுவலகத்தில் பக்கத்து மேசை கமீல் கேட்டாள்.
2. ப்ரொவன், மொரே, சான்லிஸ் என்று தொடங்கி ஐந்து ஊர்கள் எழுதிக் கொடுத்தேன். கார் எங்கே நிறுத்தலாம் என்பது வரைக்கும்.
3. எங்கே சாப்பிடலாம் என்றாள்.
4. ஓர் இடமும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அந்த ஊர்கள் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். அவருக்குத் திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. பள்ளி விடுமுறை வந்தால், திங்கள் காலையில் நாங்கள் குடியிருந்த லா சப்பலில் இருந்து எங்களைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார். சிற்றூர்களின் உணவகங்களும் ரொட்டி சுடும் வெதுப்பகங்களும் ஓய்வெடுப்பதும் அதே திங்களில்தான். பிரெஞ்சு ஊர்களைச் சும்மா பார்ப்பதற்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன்.

கார் முழுக்க அப்பாவின் ஜாக்கெட் வாசம், வெண்ணெயும் வெங்காயமும். இப்போதும் எங்காவது வெண்ணெயில் வெங்காயம் வதங்கினால் எனக்கு ஆளில்லாத ஒரு சதுக்கம்தான் ஞாபகம் வரும். தேவாலயப் படியில் அம்மா இடியப்பப் பெட்டியைத் திறப்பார். நானும் தம்பியும் சதுக்கத்தின் நடுவில் பூப்பந்து ஆடுவோம். விலத்தி வழிவிட ஒரு சைக்கிள்கூட வராது.

அப்பா மட்டும் பூட்டிய உணவகத்தின் வாசலில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் உணவுப் பட்டியலைக் கடைசி வரி வரை வாசிப்பார்.

"பூட்டின கதவைப் பாக்கவோப்பா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்பார் அம்மா.

"கடைதானே பூட்டு. ஊர் திறந்துதானே கிடக்கு."

பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஒருநாளைக்கு உதுக்குள்ளை இருந்து வாத்துக்கால் சாப்பிடோணும்."

"அது நீங்கள் ஒவ்வொருநாளும் செய்யிறதுதானே."

"செய்யிறன். ஆரும் கொண்டுவந்து வைக்க, இருந்து சாப்பிடேல்லை."

இந்த வசந்தத்தில் முழங்கால் நோவோடு அப்பா வேலையை விட்டார். கமீல் கேட்ட கேள்வி மனதில் கிடந்ததால், போன சனிக்கிழமை அவரையும் அம்மாவையும் ரயிலில் மொரேக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலோர மேசை. வாத்துக்கால் வந்தது. அப்பா கத்தியால் தோலைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் முறுகியிருக்கலாம்."

"சொல்லட்டே, அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. சனிக்கிழமை. உள்ளை நிக்கிறவைக்கு என்ன அவதியோ."

எலும்பு மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டார். பரிமாறிய பெண்ணிடம், சமைத்தவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். வெளியே வந்தபோது சதுக்கம் முழுக்கக் குடைகளும் மேசைகளும், இடைவெளியெல்லாம் கார்கள். அப்பா எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

"இவ்வளவு சனமோ இஞ்சை?"

பழைய காரை எப்போதோ விற்றுவிட்டோம். தம்பி லியோனில் இருக்கிறான். மற்ற நாலு ஊர்களுக்கும் திங்கட்கிழமையிலேயே போவோம் என்கிறார் அப்பா. திங்களில் எனக்கு வேலை.