கடைசி வாய்க்காலுக்கும் ஒரு வாக்கு

சிறுபோக நெற்பயிருக்கு முதல் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்க்கால் கரையால் நடந்துகொண்டிருந்தபோது செல்வராணி அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீடு திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். என்றாலும் குளத்துத் தண்ணீரைத் திறக்கும் துருசை நான் பூட்டவில்லை. அன்றைய தண்ணீர் முறை வேறொருவருடையது. குளத்து விவசாயிகள் அமைப்பின் தலைவன் என்பதற்காக அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. துக்கத்துக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தால் அக்காவே எழும்பி வந்து ஏசியிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு இது விளங்கும். விசுவமடுப் பக்கத்திலுள்ள எங்கள் குளத்தின் கமக்காரர் அமைப்புக்கு, மீள்குடியேற்றத்தின் பின் முதல் தலைவராக வந்தவர் அவர். அமைப்பின் விதிப் புத்தகத்தைக் காட்டி யாப்பு, யாப்பு என்று எங்கள் உயிரை வாங்கியவரும் அவரே. தெருவில் மறித்து ஒரு சலுகை கேட்டால், "கூட்டத்தில கேளுங்கோ, எல்லாற்ற காதிலயும் விழட்டும்" என்பார். கேட்டவர் அதன்பிறகு கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார்.

அதுவரை எங்கள் தலைவர் தெரிவுகள் கை உயர்த்தித்தான் நடந்தன. உழவு இயந்திரம் வைத்திருந்த சிவலிங்கம் அண்ணை முன்னால் கதிரை போட்டு, எங்களைப் பார்த்தபடி இருப்பார். எல்லோருடைய வயலையும் உழுபவர் அவர். அவர் பார்க்கும் திசையில் கைகள் தாமாக எழும்பும். அக்கா பொதுநோக்கு மண்டபத்தின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து, பிஸ்கட் தகரம் ஒன்றை வாக்குப் பெட்டியாக வைத்தார். "ஒளிச்சுப் போட நாங்கள் என்ன களவே செய்யிறம்?" என்று அண்ணை கேட்டார். "களவில்லை அண்ணை. உங்களைப் பிடிச்சவை மறைவிலயும் உங்களுக்குத்தானே போடுவினம்" என்றார் அக்கா.

பிறகு மழை பொய்த்த அந்த வருடம் வந்தது. குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. கடைசி வாய்க்காலில் இருப்பவர்கள் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். பிந்தி வந்தவர்கள்தானே, இந்தப் போகம் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். மண்டபம் முழுவதும் கை உயர்ந்தது. என் கையும்தான், என் வயலும் காய்ந்துதானே கிடந்தது. பின்வரிசையில் அந்தக் குடும்பங்கள் தலை குனிந்திருந்தன. அக்கா கைகளை எண்ணவே இல்லை.

"அவையும் உறுப்பினர்தான். எங்கட கை கூட எண்டதுக்காக அவையின்ர பங்கை எடுக்கேலாது. அப்பிடி எடுக்கலாமெண்டால், நாளைக்கு உங்கட பங்கையும் எடுக்கலாம்."

"அப்ப நீங்கள் ஒராள் நினைச்சதுதான் சட்டமோ?" என்று எழும்பிக் கேட்டவன் நான்.

"நானுமில்லை, தம்பி. என்னில பிழையெண்டு கமநல அலுவலகத்தில முறையிடுங்கோ. அவை பிழையெண்டு சொன்னால் இந்தக் கதிரையில இருக்கமாட்டன்."

முறையிட்டோம். யாப்பைப் பார்த்த அரச விவசாய அதிகாரி, குறைந்த தண்ணீரை எல்லோரும் ஒரே அளவில் குறைத்துப் பகிருங்கள் என்றார். எல்லோரும் கொஞ்சமாக விதைத்தோம், எல்லோரும் அறுத்தோம். அந்தக் கோபம் அடுத்த தெரிவில் அக்காவைத் தோற்கடித்தது. வென்றவன் நான். அன்று மாலையே துருசுப் பூட்டின் திறப்பையும் அமைப்பின் முத்திரையையும் என் கையில் தந்தார். "யாப்பை இன்னொருக்கா வாசியுங்கோ தம்பி. தலைவரா வாசிக்கேக்க வேற மாதிரி இருக்கும்" என்றார். உண்மையில் வேறுமாதிரித்தான் இருந்தது. நான் செய்யக்கூடாதவைதான் அதில் அதிகம். அடுத்த கூட்டத்துக்கு அக்கா முதல் ஆளாக வந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். அவர் உயிரோடிருந்த காலம்வரை என்னைக் கூட்டத்தில் நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்க விடவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுவாரம் பொதுக்கூட்டம். என் பதவித் தவணையும் முடிந்திருந்தது. சிவலிங்கம் அண்ணை எழும்பினார். கண் கலங்கியிருந்தது. "அவாவுக்குச் செய்யிற மரியாதையா, மகளைப் போட்டியில்லாமல் தலைவராக்குவம்" என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் உருகித்தான் போனேன்.

அப்போது கடைசி வாய்க்கால் லெட்சுமி எழும்பினார். கூட்டங்களில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"அக்கா மேல எங்களுக்கு உசுருங்க. ஆனா மரியாதைக்காக வாக்க விட்டுக்குடுக்கச் சொல்லி அவங்க சொல்லித்தரலீங்க. பொட்டிய வையுங்க. நானும் நிக்கிறேன்."

அக்காவின் மகள்தான் முதலில் எழும்பினாள். "லெட்சுமியக்கா சொல்லுறதுதான் சரி. எனக்கு வாக்குக் கேட்டுத்தான் வரவேணும்" என்றாள். மறைப்பும் பெட்டியும் வந்தன. ஒவ்வொருவராகப் போய் வந்தோம். எண்ணி முடித்தபோது லெட்சுமி வென்றிருந்தார். தோற்ற மகள் சிரித்தபடி போய் அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இறந்து ஒரு மாதமான மனுசி எங்கள் எல்லோரையும் வென்றுவிட்டார்.

கூட்டம் கலையும்போது சிவலிங்கம் அண்ணை லெட்சுமியின் முன்னால் போய் நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் கிட்டப் போனேன். அவர் தோளிலிருந்த துவாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"தலைவர், எங்கட வாய்க்காலுக்கு எப்ப தண்ணி விடுவியள்?"

செல்வராணி அக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான்.