வெள்ளிக்கிழமைத் தும்புத்தடி

எண்பதுகளின் கடைசியில், மேற்கு லண்டனில் இருந்த ஒரு ஜப்பானியப் பள்ளியில் எனக்கு ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பார்த்த அதே வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார் பள்ளி அதிபர். விடிகாலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறேன் என்பதை நான் விண்ணப்பத்தில் எழுதவில்லை.

“இஞ்சேருங்கோ, அங்க அதைப் பற்றி மூச்சும் விடாதேங்கோ” என்றாள் மனைவி. அதே லண்டனில், டூட்டிங் பக்கம் இருந்த என் அண்ணனுக்கே அது தெரியாது. வெட்கம்தான், வேறென்ன.

எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். பாடம் நடக்கும்போது ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். மணி அடித்ததும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டு துளைத்தெடுப்பார்கள். உங்கள் ஊரில் பனி பெய்யுமா? மீசை எப்போது முளைத்தது? காலையில் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும் புத்தகத்தை அடுக்கத் தொடங்கிவிடுவேன்.

வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டுவது அவர்கள் வழக்கம். யாருக்குத் தரை, யாருக்கு ஜன்னல் என்று சுவரில் பட்டியல் தொங்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சிறுமி கூட்டிய கூட்டில் அறையெல்லாம் புழுதி. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கி, மூலையில் தொடங்கிக் கூட்டியபடியே பின்பக்கமாக நடந்து, இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டேன். பழக்கதோஷம்!

“டீச்சர், இதை எங்கே பழகினீர்கள்?” என்றாள் அவள். நிமிர்ந்தால் வாசலில் அதிபர்.

பொய் வாயில் வரவில்லை. “தினமும் காலையில் அலுவலகங்களில் கூட்டுகிறேன்” என்றேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

சிறுமி நெற்றியைச் சுருக்கினாள். “அந்த அலுவலகத்துக்காரர்களுக்குக் கை சுகமில்லையா?”

நான் தும்புத்தடியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அதிபர் சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி ஓடி வந்தாள். “என்னவாம்? நிப்பாட்டிப் போட்டினமோ?”

“இல்லையப்பா. புதுப் பட்டியல் தொங்குது. பிள்ளையளோட எங்கட பேரையும் போட்டிருக்கினம். எனக்கு ஜன்னல், அதிபருக்குத் தரை.”

அவள் என் கோட்டை வாங்கி மாட்டினாள். “அப்ப, உங்கட அண்ணைக்கும் சொல்லலாமோ?”

“போனை எடுத்துத் தா, நானே சொல்லுறன்” என்றேன்.