குதிரைக்காரர்களும் நாற்காலிக்காரர்களும்

அந்தப் பெட்டி வந்தது ஒரு மத்தியான வேளையில். சவுதியிலிருந்து விடுப்பில் வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் அதைத் தோளில் சுமந்துவந்து, கோட்டைப்பட்டினத்தில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்தார். கயிற்றை அறுத்துப் பிரித்தபோது சோப்புகள், தைலப் புட்டிகள், கைலிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் துண்டில் சுற்றிய ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. அதனோடு இரண்டு கேசட்டுகள். ஒன்றின் அட்டையில் மணல்வெளியில் ஆளில்லாமல் கிடக்கும் ஒற்றை மர நாற்காலி. இன்னொன்றில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரை. இரண்டிலும் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். "கடைசில ஒங்க ஆளுக பேசியிருக்காங்க. நடுவுல ஓட்டாதீங்க, நாடா சிக்கிக்கும். முழுசா ஓடவிட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. என் கணவரும் அவருடைய அண்ணனும் சவுதியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தங்கியிருந்ததும் ஒரே அறையில்தான். மூத்தவர் லாரி ஓட்டினார், என் கணவர் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி இருபதாவது நாளே அவர் விமானம் ஏறிவிட்டார். இங்கே வீட்டில் இருந்தது மாமியாரும் நானும் மூத்தவரின் மனைவியும், அவருடைய சின்னப் பெண்ணும். அந்த ஓரகத்தியைத்தான் நான் லாத்தா என்று அழைத்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அறந்தாங்கிப் பெண், பத்தாவது வரை படித்தவர். கூர்மையான நாக்கு. கல்யாணமாகி வந்த முதல் வாரமே, நான் வைத்த மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "மீனு கடல்ல இருந்தப்பகூட இவ்வளவு தண்ணி பாத்திருக்காது புள்ள" என்று சொன்னவர்.

கம்பெனியிலிருந்த வெள்ளைக்கார சூப்பர்வைசர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது சாமான்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். நாற்காலிப் படம் போட்ட கேசட் என் கணவருக்கு வாய்த்தது, குதிரைப் படம் போட்டது அவருடைய அண்ணனுக்கு. பாட்டு முடிந்தபின் நாடாவில் மிச்சமிருந்த இடத்தில், அறைக்கூட்டாளி ஒருவரின் டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி இருவரும் எங்களுக்காகப் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். எழுபதுகளில் ஒன்றுக்கொன்று பெரும்போட்டியாக இருந்த இரண்டு ராக் குழுக்களின் ஆல்பங்கள் அவை என்பதெல்லாம் எங்களுக்கு மிகப் பின்னால் தெரியவந்த சங்கதி.

முதல் நாள் மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, மகன்களின் குரலுக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தார். குதிரைக் கேசட் எடுத்த எடுப்பிலேயே கொட்டும் கிதாருமாக இடித்துக்கொண்டு தொடங்கியதும் திடுக்கிட்டு, "யா அல்லா, யாரப் போட்டு இந்த அடி அடிக்கிறாங்க?" என்றார். இருந்தும் எழுந்து போகவில்லை. மூன்று பேரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். மூத்தவர் கலகலப்பாகப் பேசுகிறவர். அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, "அந்த ரெண்டாவது பாட்டுல கொட்டு அடிக்கிறான் பாரு, அத நல்லாக் கேளு" என்று லாத்தாவிடம் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அம்மாவிடமே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு: "அவள வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க." கனமான குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல மெல்ல, ஆழமாக வந்தது. போன இடத்தில் பிள்ளைகளுக்குக் குரல் கனத்துப்போச்சு என்று மாமியார்கூடச் சொன்னார். அந்த ஒரு வரிக்காக நாற்காலிக் கேசட்டை நான் தினமும் முழுக்கக் கேட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, லுஹர் தொழுகையும் முடிந்தபின், பள்ளிவாசலில் சாயங்கால அசர் பாங்கு சொல்லும் வரைக்குமான நேரம் எங்களுடையது. ஒரு நாள் குதிரைக்காரர்கள், மறுநாள் நாற்காலிக்காரர்கள். பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க லாத்தாவால் முடியும் என்றாலும் எங்களுக்குள் அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன. முதலில் குரலுக்காகக் காத்திருந்தோம், பாட்டைச் சகித்துக்கொண்டோம். எந்த வாரத்தில் அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோழிக்குத் தவிடு பிசையும்போது என் வாய் நாற்காலிக்காரர்களின் ராகத்தை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. லாத்தா அம்மியில் அரைக்கும்போது குழவி குதிரைக்காரர்களின் கொட்டுக்கு ஓடியது.

பிறகு சண்டை தொடங்கியது. நாற்காலிக்காரர்களின் ஆல்பத்தில் ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. காற்றுச் சத்தம் வரும், ஆர்மோனியம் மாதிரி ஏதோ ஒன்று நெடுநேரம் இழுக்கும், யாரோ கதவைத் திறப்பார்கள். பாடுகிறவர் வாயைத் திறக்கவே வெகுநேரம் ஆகும். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிடித்தது. லாத்தாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பாட்டுன்னா ஆரம்பிக்கணும், முடியணும். ஒங்க ஆளுக வாசல்லயே நின்னு செருப்பத் தேடிக்கிட்டு இருக்காங்க" என்பார்.

"ஒங்க ஆளுக செருப்புப் போடாமலே ஓடுறாங்களே லாத்தா. கால்ல யாரோ வெந்நிய ஊத்திட்ட மாதிரியில்ல கத்துறாரு."

"கத்துனாலும் என்ன சொல்ல வாராருன்னு புரியுதுல்ல?"

"என்ன சொல்றாரு?"

"கோவம். யாரோ வாரேன்னுட்டு வரல" என்றார்.

இருவருக்குமே பாட்டில் ஒரு சொல் புரியாது. ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. அடுத்த வருடம் அதே குழுக்களின் இன்னும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. குதிரைக்காரர்களின் புது அட்டையில் குதிரை இல்லை, பாழடைந்த பாலம் ஒன்று இருந்தது. முதலாவதின் வேகம் அதில் குறைவு. "இது குதிரையில்ல, மாடு" என்று நான் சிரித்தேன். லாத்தா விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆல்பத்தில் மூன்றாவதாக ஒரு மெதுவான பாட்டு வரும். அதில் பாடகர் கத்துவதே இல்லை. அது வந்தால் லாத்தா கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கேலி செய்தால் சத்தத்தைக் கூட்டிவைப்பார். புருஷனின் கட்சியைப் பிடித்துக்கொண்டு வீம்பு செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நானும் அதே வீம்பில்தானே இருந்தேன்.

மூன்றாம் வருடம் மூத்தவர் விடுப்புக்கு ஊர் வருவதாக இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அவர் வரவில்லை. பம்பாயில் இறங்கியவர் அங்கேயே இன்னொரு பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டு, விடுப்பு முழுவதும் அவளோடு இருந்துவிட்டுச் சவுதிக்குத் திரும்பிவிட்டார் என்ற செய்திதான் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். லாத்தா அழவில்லை. காய்ந்திருந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். மாமியாருடைய சேலையை, என்னுடைய ரவிக்கைகளை, எல்லாருடையதையும்.

ஜமாத்தில் பேச்சு நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலைப்பொழுதில் லாத்தாவின் தகப்பனார் அறந்தாங்கியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டி கட்டிய லாத்தா கடைசியாகக் குதிரைக் கேசட்டை எடுத்து டேப்ரிக்கார்டரில் போட்டு, பாட்டு முடிந்து புருஷனின் பேச்சு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். சிக்கிக்கொள்ளும் என்ற பயமெல்லாம் அன்றைக்கு இல்லை. பதிவுப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் பேசவில்லை. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. காகம் கரைந்தது. உள்ளறையில் மாமியார் இருமினார். தெருவில் மீன்காரி நண்டு இருக்கிறது என்று கூவிக்கொண்டு போனாள். மூத்தவர் பேசிய இடத்தில் அவையெல்லாம் ஏறிக்கொண்டன. நாடா தீர்ந்து பொத்தான்கள் தாமாக எழும்பிய சத்தத்தில் லாத்தாவின் பெண் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

குதிரைக் கேசட்டையும் பாலத்து அட்டைக் கேசட்டையும் லாத்தா பெட்டிக்குள் வைத்தார். மாமியார் வெளியே வந்து, "அந்தச் சனியன எதுக்கும்மா கொண்டுபோற? கடல்ல வீசு" என்றார்.

"பாட்டுக்காரன் என்ன மாமி பண்ணான்?" என்றார் லாத்தா. "மொதல்ல அவுகளுக்காகத்தான் கேட்டேன். அப்பறம் எனக்காகத்தான் கேட்டேன்."

டேப்ரிக்கார்டரையும் எடுத்துக்கொள்ளும்படி மாமியார் கெஞ்சினார். அது வீட்டுச் சாமான் என்று லாத்தா வைத்துவிட்டுப் போனார். கார் கிளம்பும்போது என்னை ஒருமுறை பார்த்தார்.

அதன்பிறகு இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து அற்றுப்போனது. என் கணவருக்கு அண்ணனையும் விட முடியவில்லை, அண்ணன் செய்ததையும் ஏற்க முடியவில்லை. அறந்தாங்கிக்குப் போய்வரட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போறது?" என்பார். லாத்தா தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே கடைபோல வைத்துப் பெண்ணைப் படிக்க வைத்ததை ஊர்க்காரர்கள் மூலம் கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒருமுறை பார்த்தேன். நான் பட்டுக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "என்ன புள்ள, நாக்காலிக்காரங்க செருப்பு கெடச்சிருச்சா?" நிமிர்ந்து லாத்தாவைப் பார்த்த நொடியிலேயே பஸ் திரும்பிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார், தலை நரைத்திருந்தது. அந்த இடத்திலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த பெண்மணி என் கண்ணைப் பார்த்துவிட்டு, ஒடம்புக்கு என்னம்மா என்று கேட்டார்.

கணவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபின் ஒருநாள் நாற்காலி ஆல்பத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? சும்மா கெடச்சுதுன்னு அனுப்புனேன். நான் எங்க அதக் கேட்டேன்?" என்றார். யாருக்காக அத்தனை வருடம் லாத்தாவோடு மல்லுக்கட்டினேனோ அந்த மனிதர், அந்தப் பாட்டை ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. உடனே லாத்தாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

இப்போது நான் புதுக்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். கணவரும் இல்லை, மாமியாரும் இல்லை. டேப்ரிக்கார்டர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. சென்ற மாதம் அட்டைப் படங்களை நான் விவரித்துச் சொல்ல, மகன் தன் போனில் தேடி நான்கு ஆல்பங்களையும் கண்டுபிடித்து என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போனபின் என்னுடையவர்களைத்தான் முதலில் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் பேசுவதற்கு ஆள் தேடினேன். செருப்பைத் தேடுகிறார்கள் என்று சொல்ல யாருமில்லாமல் அது வெறும் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பாலத்து அட்டை ஆல்பத்தைப் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தபோது முதன்முறையாக நடுவில் பேசாமல் கேட்டேன். பிறகு சொந்தக்காரர்களிடம் விசாரித்து, திருச்சியில் இருக்கும் லாத்தாவின் மகள் எண்ணை வாங்கி, அவளிடமிருந்து லாத்தாவின் எண்ணை வாங்கினேன்.

"யாரு?" என்றது குரல்.

"நாந்தான் லாத்தா. கோட்டைப்பட்டினம்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வேலையிலிருந்து வந்திருந்த மருமகளின் போனை வாங்கி, அதில் அந்த மூன்றாவது பாட்டை ஓடவிட்டு, என் போனை அதன் அருகில் பிடித்தேன். பாதி பாட்டு போயிருக்கும்.

"இது அது இல்ல" என்றார் லாத்தா.

"அதேதான் லாத்தா. அட்டையில பாலம் இருக்கு."

"பாட்டு அதுதான். இவன் எதுக்கு இப்புடி ஓடுறான்? கொரலும் கீச்சுன்னு இருக்கு. அறந்தாங்கி வந்து வேற டேப்ரிக்கார்டரு வாங்கிப் போட்டப்பவும் இதே கததான். கேசட்டு கெட்டுப்போச்சுன்னு எடுத்து வச்சுட்டேன். அப்பறம் தொடவே இல்ல."

அவர் சொன்னபிறகுதான் எனக்கும் விளங்கியது. கெட்டது கேசட் இல்லை. எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டர்தான் முதல் நாளிலிருந்தே மெதுவாக ஓடியிருக்கிறது. அதில் போட்டதெல்லாம் ஒரு படி நிதானமாக, கனமாகக் கேட்டிருக்கிறது. நாங்கள் பிரியம் வைத்த அந்த நான்கு ஆல்பங்களை அந்தப் பாடகர்களே கேட்டிருக்க மாட்டார்கள். அவை அந்தக் கூடத்தில் மட்டும் இருந்தவை. லாத்தாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப ஒங்க வீட்டுக்காரரு கொரலு?" என்று கேட்டார்.

"மொத லீவுக்குப் பிளேன்ல வந்து எறங்குன அன்னைக்கு, வேற யாரோ பேசுறாங்கன்னு நெனச்சேன் லாத்தா. அங்கிட்டு வெயில்ல கெடந்து கொரலு மெலிஞ்சு போச்சுன்னு இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

லாத்தா சிரித்தார். அடக்க முடியாமல், இருமும் வரைக்கும் சிரித்தார். இருமல் அடங்கியதும், "இரு, அது இப்புடிப் போகும்" என்று சொல்லிவிட்டு, சொல் எதுவும் இல்லாமல், அந்தப் பாட்டை எங்கள் வேகத்தில் முனக ஆரம்பித்தார். குரல் அங்கங்கே உடைந்தது. நான் மருமகளின் போனை அணைத்துவிட்டு, அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.