திருப்பிப் போட்ட பனியன்

எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. பெற்று வளர்த்தது நான்கு. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றாலும், வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் தைத்த பீஸைக் கையில் கொடுத்தால் எங்கே தையல் பிசகு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு கறுப்புப் பனியன் இருக்கிறது. அது என் பிள்ளைகளுடையது அல்ல.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். தெற்கே கடற்கரையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்த டெய்லர் ஒருவன், மாதா கோவிலில் கிட்டார் பழகியவன். சரக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன சி.டி.யைக் கேட்டுக் கேட்டு, கரண்டில் வாசிக்கிற கிட்டார் ஒன்று வாங்கினான். கம்பியை அவன் வளைத்து இழுத்தால், அழுகையை அடக்கிக்கொண்டு ஒருத்தர் பேசுவதுபோல் இருக்கும். என் பிள்ளைகளில் பெரியவன் டிரம்ஸ், சின்னவன் இன்னொரு கிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெசின்கள் ஓய்ந்த கம்பெனியில் மூவரும் பழகுவார்கள். நான் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டியபடி கேட்பேன்.

"லீவு முடிஞ்சு போச்சு, பஸ்ஸு நிக்கல;
லீவு முடிஞ்சு போச்சு, பஸ்ஸு நிக்கல;
வாசல்ல நின்ன அம்மா இன்னும் உள்ள போகல."

"ஏங்கண்ணு, ஒரே வரிய எதுக்கு ரெண்டு வாட்டி பாடற?" என்றேன்.

"மொத வாட்டி காதுல விழும், பெரியம்மா. ரெண்டாவது வாட்டிதான் உறைக்கும்."

மண்ணரைக் கோவில் திருவிழாவில் அந்தப் பாட்டுக்கு, பிழைக்க வந்த தெற்கத்திச் சனம் எழுந்தே நின்றுவிட்டது. அப்புறம் ஊரெல்லாம் கூப்பிட்டார்கள். அருள்புரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் ஆயுதபூஜைக்கு அழைப்பு வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று கறுப்புப் பனியன் தைத்து, முதுகில் எங்கள் கம்பெனிப் பேரைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன்.

மேடையில் அவன் பனியனின் தையலெல்லாம் வெளியே தெரிந்தது; அச்சடித்த பேர் உள்ளே போயிருந்தது. அவசரத்தில் மாட்டிவிட்டான் என்று நினைத்து, முன்வரிசையிலிருந்து சத்தம் போட்டேன்: "பனியன் தைக்கறவனே பனியனத் திருப்பிப் போட்டிருக்கியே, கண்ணு!" கூட்டம் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுதான் போட்டேன், பெரியம்மா. மெசின்ல உக்காந்தா நான் உங்க ஆளு. இது கையில இருக்கும்போது..." கிட்டாரைத் தொட்டான். முடிக்கவில்லை.

"எங்க ஊட்டுக் கரண்டுல பழகுன பாட்டுதான!" என்றான் பெரியவன்.

அன்றைக்குப் பாடியதுபோல் அவன் அதற்குமுன் பாடியதில்லை. மறுவாரம் பனியனைத் துவைத்து, நல்ல பக்கமாக மடித்து, என் பிசிறு மேசைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனான். குடியிருந்த அறை மூன்று தெரு தள்ளித்தான். கம்பெனிக்காரி போய் டெய்லர் வாசலில் நிற்பதா என்று இருந்துவிட்டேன். பத்து நாளில் அந்த அறையில் பீகார்க்காரர்கள் குடிவந்தார்கள். பிள்ளைகள் வேறு ஆளை வைத்து ஒரு கோவிலில் வாசித்தார்கள். சனம் பஸ் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டது. பாதியில் மேடையை விட்டு இறங்கி வந்தவர்கள் அப்புறம் ஏறவே இல்லை.

இப்போதும் மத்தியானத்தில் கரண்டு போய் மெசின்கள் நின்றால், என் காது தானாகக் கம்பெனிப் பக்கம் திரும்புகிறது. இன்று அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எழுதினேன். சின்னவன் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

முழுக்க வாசித்துவிட்டு, "தப்பு எம்மேலதான்னு எங்கயுமே எழுதலீங்களே, அப்பாயி?" என்றாள்.

"இன்னொரு வாட்டி வாசி, சாமி."