பரமட்டா நதிக்கரையில் ஒரு சங்கல்பம்

நான் கோபக்காரன் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முகமே தெரியாமல் இருந்திருக்கிறது.

நான் ஒரு குருக்கள். சிட்னியில், மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்தில், முன்பு கம்பளக் கடையாக இருந்த கட்டடத்தில் எங்கள் கோயில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே ஒன்பது வருடமாகப் பூசை செய்கிறேன். ஒரு வியாழக்கிழமை உச்சிப் பூசை முடிந்து கதவைச் சாத்தும் நேரத்தில் நிர்வாக சபைச் செயலாளர் வந்தார். தொழிலில் பல்வைத்தியர். கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு.

"ஐயா, குறை நினையாதேங்கோ. அர்ச்சனை செய்யேக்க உங்கட முகத்தைப் பாத்துப் பிள்ளையள் பயப்பிடுதுகளாம். ரெண்டு மூண்டு பேர் சொல்லினம்."

"நீங்கள் பல்லுப் புடுங்கேக்க உங்களைப் பாத்துச் சிரிக்கினமோ?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஞாயிறு பின்னேரம் சபைக் கூட்டம், அங்கே கொடுத்துவிடுவது என்று முடிவு. குருக்களின் வேட்டியில் பை ஏது? கடிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். மெல்பேணில், டண்டினொங்கில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்யும் என் மைத்துனர் இரண்டு வருடமாக ஆசை காட்டிக்கொண்டிருந்தார். "ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்தாப் போதும் அத்தான். சனி ஞாயிறு லீவு. பெட்டியள் ஒண்டும் முகத்தைப் பத்தி முறைப்பாடு செய்யாது."

மனைவிக்குச் சொன்னபோது குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயோதிபர் இல்லத்தில் அவளுக்கு அப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை.

"போவம். ஆனா டண்டினொங்குக்குப் போனாலும் உங்கட முகமும் கூடத்தானே வரும்?" என்றாள்.

"என்ர முகத்துக்கு என்ன?"

"கொரோனா நேரம் பூட்டின கோயிலில நடக்கிற பூசையை வீடுகளுக்குக் காட்டக் கமரா வைச்சவையெல்லே? அது இன்னும் எல்லாத்தையும் பதியுது. போய் உங்களை நீங்களே ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தால் போயிற்று! குறை சொன்னவர்கள் வாயை அடைக்கச் சாட்சி தேடுகிறவன் போல மகளின் மடிக்கணினியைத் திறந்து, போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன்.

ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திரையில் இருந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாய் மகளைக் கூட்டி வந்து, பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்கிறாள். அந்த மனிதர் தட்டை வாங்குகிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை. கண் வாசலில். நாமாவளியின் நடுவில், ஒரு மூச்சுக்கூட விடாமல், "அந்த வெள்ளைக் கார் ஆரின்ர? பின்னுக்கு எடுங்கோ!" என்று கத்துகிறார். கத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து சுவாமியின் திருநாமங்களைத் தொடருகிறார். பூவோடு பூவாக வெள்ளைக் காரும் சுவாமியின் பாதத்தில் போய் விழுந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. பூசைக்கு முன் ஆத்மசுத்தி என்று ஒன்று உண்டு. சுவாமியைத் தொடுமுன் பூசகன் தனக்குள் பார்த்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சனத்துக்கு அதைப் பற்றிப் பிரசங்கமே செய்திருக்கிறேன். திரையில் அந்த மனிதர் அதை மணிக்கூட்டைப் பார்த்தபடி, கொட்டாவி விடும் நேரத்துக்குள் முடித்தார்.

அதைவிடப் பெரியது ஒன்று காத்திருந்தது.

அர்ச்சனைக்கு முன் சங்கல்பம் செய்வோம். இன்ன தேசத்தில், இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார் உன் முன் நிற்கிறார் என்று சுவாமிக்கு அறிவிப்பது அது. நாளையும் நட்சத்திரத்தையும் கவனமாகச் சொல்வேன். மற்றதெல்லாம் வாய் தானாக ஓடும். முதல்முறையாக அந்த ஓட்டத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். இலங்கைத் தீவு, வடதிசை, என் ஊர், என் ஊர்க் கோயிலின் தீர்த்தக் கேணி.

நிறுத்தினேன். பின்னுக்குத் தள்ளித் திரும்பக் கேட்டேன். சந்தேகமே இல்லை. மெரிலேண்ட்ஸில் நிற்கும் சனத்தை, ஞாயிறு தவறாமல், என் ஊர்க் கேணிக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வந்த முதல் மாதமே மாற்ற வேண்டியது. நாளைக்கு மாற்றலாம் என்று விட்டது ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

முதலில் தலையில் கை வைத்தேன். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனைவி கீரைக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒன்பது வருஷமா இந்தச் சனத்தின்ர விலாசத்தைச் சுவாமிக்குப் பிழையாக் குடுத்திருக்கிறன்!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுதான் எங்கட வீட்டு லோன் சரிவர இவ்வளவு காலம் எடுத்ததாக்கும்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. விலாசம் பிழையாய்ப் போனது சனத்துக்கு இல்லை, எனக்கு. கால் இங்கே நிற்க, மனம் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே வந்தவர் எல்லாரும் எனக்கு இடைஞ்சல் செய்வதாகவே பட்டது. டண்டினொங்கில் பெட்டி அடுக்கினாலும் நான் அந்தக் கேணிக் கரையில் இருந்துதான் அடுக்கியிருப்பேன்.

ஆனாலும் பஞ்சாங்கத்துக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் கிழிக்கவில்லை. ஒரு சிரிப்பில் திருந்திவிடும் ஆள் நான் இல்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்த விஷயங்களில் ஒன்று.

ஞாயிறு காலை நேரத்தோடு கோயிலுக்குப் போனேன். ஆத்மசுத்திக்கு உட்கார்ந்து, மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். கோபம், அலுப்பு, செயலாளரின் பல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒளிக்காமல் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவை போயின. எல்லாம் போகவில்லை, பூசை செய்யும் அளவுக்குப் போயின.

அர்ச்சனை வரிசை தொடங்கியது. நார்த்மீட்டிலிருந்து வரும் தமிழ்நாட்டுக் குடும்பம் முதலில் நின்றது. வாய் பழைய வழியில் ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன்.

"ஆஸ்திரேலியா தேசே, சிட்னி நகரே, பரமட்டா நதீதீரே..."

அந்த வீட்டுச் சின்னப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, ஹி செட் பரமட்டா!"

"சாமி, பரமட்டான்னா சொன்னீங்க? சாமிக்கு நம்ம ஏரியா தெரியுமா?" என்றார் தகப்பன்.

"ஓம், இண்டைக்குத்தான் சொல்லி வைச்சனான்" என்றேன்.

பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது கமராவில் பதிவாகியிருக்கிறது, செயலாளர் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும். அதன்பின் வரிசை நீண்டது. அன்றைக்குத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சோதனை எழுதிய பிள்ளையும் வந்திருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதும் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஐயாவுக்குக் காய்ச்சலோ என்பது போல. வெளியே யாரோ ஒருவரின் கார் யாரோ ஒருவரின் காரை மறித்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

வரிசையின் கடைசியில் தட்டோடு நின்றவள் என் மனைவி.

"ஆருக்கு அர்ச்சனை?"

"இவருக்கு."

"பேர்?"

"உங்களுக்குத் தெரியாததே?" புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். "நட்சத்திரம் விசாகம்."

ஊராருக்கெல்லாம் ஒன்பது வருடம் அர்ச்சனை செய்தவன், எனக்கென்று ஒருநாளும் செய்ததில்லை. அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். ஆஸ்திரேலியா தேசே, சிட்னி நகரே, பரமட்டா நதீதீரே என்று தொடங்கி, என் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் சொல்லி, கடைசியாக என் பேரையும் சொன்னேன். சுவாமி நிமிர்ந்து பார்த்து, அட, நீ இங்கேயா இருக்கிறாய் என்று கேட்டதுபோல இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

விபூதியை அவளுக்கு மடித்துக் கொடுக்க ஒரு தாள் தேடினேன். பஞ்சாங்கத்துக்குள் அந்தக் கடிதம் இருந்தது.