பெறும், பெறக்கூடும்

துறைமுக வானிலை ஆபீசில் அவளுக்குப் ‘புயலக்கா’ என்றே பெயர். கடலில் ஒரு தாழ்வு மண்டலம் கிளம்பிவிட்டால் போதும், பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் அதன் பக்கத்திலேயே கிடப்பாள். மூன்று மணிக்கொரு தடவை வரைபடத்தில் புள்ளி வைப்பாள். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

படகுக்காரர்கள் அறிக்கையில் வினைச்சொல்லின் வாலை மட்டும்தான் பார்ப்பார்கள். ‘புயலாக வலுப்பெறும்’ என்றிருந்தால் படகைக் கட்டிப்போடுவார்கள். ‘வலுப்பெறக்கூடும்’ என்றால், “ஆபீஸ்காரங்களுக்கே தெரியலடா” என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். அவளுடைய தம்பியும் படகுக்காரன்தான்.

அன்று காலைப் புள்ளியை வைத்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மண்டலம் கரைப்பக்கம் திரும்பியிருந்தது. ‘வலுப்பெறும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம்’ என்று எழுதி மேலதிகாரியிடம் நீட்டினாள். அவரை அவள் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

“ரெண்டு நாளா தூங்கலியே, வீட்டுக்குப் போம்மா. படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிடு, நான் நல்லா எழுதி அனுப்பிடறேன்.”

எப்போதும் நடப்பதுதானே! வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

அந்த மனிதர் ‘வலுப்பெறக்கூடும்’ என்று எழுதி, கடலுக்குப் போக வேண்டாம் என்ற வரியையே விட்டுவிட்டார். போன தடவை சொன்ன புயல் வராமல் போய், ஊரே அவரைத் திட்டித் தீர்த்திருந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம். எதற்கு வம்பு என்று பார்த்திருக்கிறார், மகராசன்!

புயலில் சிக்கிய தம்பி மூன்றாம் நாள் கரை சேர்ந்தான். கூடப் போன கூட்டாளி சேரவில்லை. நேரே ஆபீசுக்கு வந்து அறிக்கையை அவள் மேஜைமேல் எறிந்தான்.

“கூடும்னு போட்டிருக்கியேக்கா! உன் பேரைப் பார்த்துத்தானே போனோம்?”

“நான் பெறும்னுதான்டா எழுதினேன்! அண்ணே, நீங்களே சொல்லுங்க!”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கையெழுத்து உன்னோடதுதானேம்மா?” என்றார்.

கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். அது இவ்வளவு சாந்தமான குரலில் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அறிக்கையை எடுத்துத் தன் கையெழுத்தையே பார்த்தாள்.

தம்பி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“கூட வந்தவன் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. உள்ள கூப்பிடட்டுமா, நீயே வெளிய வந்து சொல்றியா?” என்றான்.